நான் பார்க்காத கோல்

ஒரே ஒரு கோல் விழுவதை என் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு காலத்தில் ஆசை. நகை கேட்கவில்லை, திருப்பதிக்குக் கூட்டிப்போகச் சொல்லவில்லை. பந்து கம்பத்துக்குள் போகிற அந்த ஒரு நொடி போதும். அதுகூடக் கிடைக்கவில்லை என்றால் நான் என்ன பாவம் செய்தவள், நீங்களே சொல்லுங்கள்.

என் வீட்டுக்காரருக்குக் கால்பந்து என்றால் உயிர். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பொட்டல் இருந்தது. சாயங்காலம் தறி நின்றதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அங்கே ஓடிவிடுவார். பகலில் தறியிலும் அதே பேச்சுதான். புடவைக்கு உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றால் ஒருவராக நெய்ய முடியாது. ஊடை நூலைச் சுமந்து குறுக்கே ஓடுகிற கட்டைதான் நாடா; உடம்புக்கு அவர் வீசுவார். பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நான் வீசுவேன். எழுந்து ஓட வழியில்லாத இடம். யார் பந்தைத் தள்ளினான், யார் கோட்டைவிட்டான், கோல் எந்த மூலையில் விழுந்தது என்று கேட்டுக் கேட்டு, பார்க்காத கோலெல்லாம் எனக்கு மனப்பாடம்.

நேரில் பார்க்கப் போனால்தான் வினை. பின்கட்டு மொட்டை மாடியில் நின்றால் பொட்டல் முழுக்கத் தெரியும். நானும் நிற்பேன். பந்து அரை மணி நேரம் அங்கேயும் இங்கேயும் சும்மா அலையும். கண்ணில் தூசி விழுந்து கசக்குவேன், "கோல்!" என்று கத்துவார்கள். கீழே பால் பொங்குகிற வாசனைக்குத் திரும்புவேன், மறுபடி "கோல்!" நான் எப்போது முகத்தைத் திருப்புவேன் என்று அந்தப் பந்து காத்திருந்தது போலத்தான் இருக்கும்.

அந்தச் சமயத்தில் எங்கள் தெருவுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பிள்ளை குடிவந்தான். சுற்றுவட்டக் கிராமங்களில் கோழி வளர்க்கச் சொல்லிக்கொடுப்பது அவன் வேலை. அதுவரை நம் ஊர்க் கோழிகள் எப்படித்தான் வளர்ந்தனவோ. தமிழைப் புத்தகத்தில் படித்துவிட்டு வந்திருந்தான். ஒருநாள் அவன் ஊர்ப் பந்தை எடுத்துவந்து காட்டினான். இரண்டு முனையும் கூராக, எங்கள் நாடாவைக் காற்றடித்து உப்ப வைத்தது மாதிரி இருந்தது.

"இத்த எப்படிப்பா ஒதைப்ப? நீ ஒரு பக்கம் ஒதைச்சா அது ஒரு பக்கம் பூடுமே" என்றார் என் வீட்டுக்காரர்.

"உதைப்பது குறைவு, அண்ணா. கையில் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். மற்றவர்கள் மேலே விழுந்து பிடிப்பார்கள்."

"இவன் எடுத்துக்கினு ஓடுவான், அவனுங்க தொரத்திப் புடிப்பானுங்களா? சந்தையில திருடன் ஓடுறாப்பல இல்ல இருக்குது!"

"உங்கள் ஆட்டத்தில் ஒரு மணி நேரம் ஓடுகிறீர்கள், அண்ணா. ஒன்றுமே நடப்பதில்லை."

அன்றைக்கு ஆரம்பித்தது சண்டை. எது விறுவிறுப்பு, எது தூங்குமூஞ்சி ஆட்டம் என்று தினமும் என் தலைமேலேயே நடந்தது. கடைசியில் ஒரே நாளில் இரண்டையும் ஆடிப் பார்ப்பது என்று முடிவு. நாள் குறித்ததுதான் அழகு. அமாவாசை! அமாவாசைக்கு எங்கள் ஊரில் தறி ஓடாது.

"தறிதான் கெடையாதே, நீயும் சும்மாதான இருப்ப? மாடியில நின்னு ரெண்டையும் முழுசா பாரு. எது ஒஸ்தின்னு நீயே சொல்லும்மே" என்றார்.

கேலிக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னார். தறிக்கு லீவு, அடுப்புக்கு ஏது? அமாவாசைதோறும் இலையில் வந்து விழுகிற வடை மரத்தில் காய்க்கிறது என்றே அவர் நினைத்திருக்க வேண்டும். செத்துப்போன என் மாமனாருக்குப் படைத்து, காக்கை சோறு எடுத்த பிறகுதான் என் மாமியார் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பார்.

முதலில் அமெரிக்க ஆட்டம். தலைக்குக் குளித்த ஈரத்தோடு மாடியில் நின்றேன். முட்டப்போகிற கிடாக்கள் மாதிரி எதிரெதிரே குனிந்தார்கள். ஒருவன் பந்தை வாங்கி நாலு எட்டு வைப்பதற்குள் எல்லோரும் அவன்மேல் விழுந்தார்கள். எழுந்தார்கள். தலையோடு தலை சேர்த்துப் பஞ்சாயத்து பேசினார்கள். நான் கீழே ஓடி ஒரு ஈடு வடையைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்தேன், இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த பஞ்சாயத்துக்கு அடுத்த ஈடு. அடுப்படியில் இருக்கிற பொம்பளையை நினைத்தே யாரோ செய்த ஆட்டம். கோழிக்காரப் பிள்ளை பந்தோடு கோட்டைத் தாண்டி விழுந்ததை முழுசாகப் பார்த்தேன். ஆனால் அது கோல் இல்லையே!

கால்பந்து தொடங்கும்போது படையல் முடிந்திருந்தது. காக்கைக்கு இலையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். காக்கையைக் காணோம். ஊர்க் காக்கையெல்லாம் பொட்டலில், ஆட்டம் பார்க்க வந்தவர்கள் சிந்திய பட்டாணியைப் பொறுக்கிக்கொண்டிருந்தது.

"வந்தாரா?" கீழேயிருந்து மாமியார் குரல்.

"இன்னும் வரல அத்தை."

"நல்லா கூப்புடு. வாயில இன்னா, கொழுக்கட்டையா?"

"உசுரோட இருந்தப்பவும் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தவரா அவரு?"

"இன்னாது?"

"கூப்புடுறேன் அத்தை. கா... கா..."

வாய் காக்கையைக் கூப்பிட்டது, கண் பந்தோடு போனது. ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. திடீரென்று பந்து என் வீட்டுக்காரர் காலில். ஒருவனைத் தாண்டினார். இன்னொருவனை ஏமாற்றினார். எதிரே கோல் காக்கிறவன் மட்டும். என் நெஞ்சு தறிக்கட்டை மாதிரி அடித்தது. 'கா' சொல்வதையும் நிறுத்திவிட்டேன். பின்னால் இலை சரசரத்தது.

"வந்துட்டாரா? ஏம்மே! சோத்த எடுத்தாரா, வடைய மட்டும் தூக்கினாரா, பாரு!"

திரும்பினேன். அவ்வளவுதான். அலகு நிறையச் சோற்றோடு காக்கை என்னைப் பார்த்தது. முதுகுக்குப் பின்னால் "கோ...ல்!" என்று பொட்டலே அதிர்ந்தது.

புழுதியும் வேர்வையுமாக வந்தார், கூடவே அமெரிக்கப் பிள்ளையும்.

"பாத்தியாமே?"

"பாத்தேன். உங்கப்பா சோறு எடுத்தாரு. ரெண்டாந்தபா வந்து வடையும் எடுத்துக்கினு போனாரு."

"அத்த யாரு கேட்டா? நான் கோல் போட்டனே!"

"அக்கா, தீர்ப்பு?" என்றான் அந்தப் பிள்ளை.

"உன் ஆட்டம்தாம்பா. நான் வடை சுட்டுட்டு வர்ற வரைக்கும் காத்துக்கினு இருந்தீங்க. இவரு ஆட்டம் ஒரு காக்காவுக்குக்கூட நிக்கலயே."

பிள்ளை சிரித்தான். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அவர் ஓடியபோது அடித்த மாதிரி என் நெஞ்சு அந்தப் பஞ்சாயத்து ஆட்டத்துக்கு ஒரு தடவைகூட அடிக்கவில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பிடிக்க முடியாது, அந்த ஒரு கோலை வருஷம் பூராவும் கேட்க வேண்டிவரும் என்று நினைத்தேன்.

மறுநாள் தறியில் உட்கார்ந்தோம். நாடா போகிற சத்தம் மட்டும்தான். ஊரான் போட்ட கோலையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்ன மனிதர், தான் போட்ட கோலைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை என்றால் நான் என்ன செய்வேன்? மத்தியானம் அமெரிக்கப் பிள்ளையைப் பிடித்தேன்.

"கோல் எப்படிப்பா வுழுந்துது?"

அவன் தலையைச் சொறிந்தான். "ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை, அக்கா. பட்டாணி வாங்கத் திரும்பினேன்."

திரும்பி வந்து தறியில் உட்கார்ந்தேன். "எந்தக் காலால ஒதைச்சீங்க? அத்தயாவது சொல்லுங்களேன்."

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நாடாவப் போடு" என்றார்.