மச்சான் காய்ச்சுன டீசல்

லாரி ஓட்டறதுன்னா ஸ்டீயரிங் புடிக்கறதுன்னு நெனச்சு இந்தத் தொழிலுக்கு வந்தவனுங்க நானு. பாதி ஆயுசு சாவியத் திருகிட்டு, வண்டி புடிக்குமா புடிக்காதான்னு காது குடுத்து உக்காந்ததுலயே போயிருச்சுங்க. பழைய டீசல் வண்டிய வெச்சுக்கிட்டு, விடியக்காலைல கும்புடாத சாமியெல்லாம் கும்புட்டு செல்ப் அடிக்கற சகபாவிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்றேன். மத்தவங்க படிச்சா சிரிப்பாங்க.

எம்பட வண்டி சின்ன லாரி. எம்பட மூத்த மகளை விட அதுக்கு வயசு அதிகம். ஒரு பனியன் கம்பெனில காலைல ஆறு மணிக்குத் துணி ரோல் ஏத்திக் கொண்டுபோயி சாயப்பட்டறைல எறக்கோணும். தெனமும் நிச்சயமாக் கெடைக்கற லோடு அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் வந்தா வரும், வராட்டிப் போகும். அந்த லோடு போச்சுன்னா ஊட்டுல அடுப்பு எரியாதுங்க.

மச்சான் மொதலாளி ஆனது

எம்பட ஊட்டுக்காரியோட தம்பி காங்கேயம் ரோட்டுல ஒரு ஷெட்டு புடிச்சான். பேக்கரி, மெஸ்ஸுன்னு போயி, பலகாரம் சுட்டு மிஞ்சுன எண்ணெய வாங்கியாந்து பயோ டீசல் காய்ச்ச ஆரம்பிச்சான். பங்க் டீசலை விட வெல கம்மிங்க. மொத கிராக்கி யாரு? வேற யாரு, நான்தான். வேண்டாம்னு சொல்லிப்போட்டு அந்த ஊட்டுல சோறு திங்க முடியுமா?

கொஞ்ச நாளு வண்டி நல்லாத்தான் ஓடுச்சு, போற வழியெல்லாம் போண்டா வாசம். அப்பறம் ஒருநா காலைல செல்ப் அடிக்கறேன், 'கொர்ர் கொர்ர்'ங்குது, வெள்ளப் பொகை தள்ளுது, எஞ்சின் மட்டும் புடிக்க மாட்டீங்குது. மெக்கானிக் தங்கராசு வந்து பில்டரக் கழட்டுனா, உள்ள இருந்து தாராட்டம் கருப்பா ஒழுகுது. அத்தன வருசமா டேங்க்ல படிஞ்சு கெடந்த கசடையெல்லாம் புது எண்ணெய் கரைச்சுக் கொண்டாந்து பில்டர்ல அடைச்சு வெச்சிருக்குது. நான் மச்சானத் திட்ட வாயத் தொறந்தேன். தங்கராசு கையக் காட்டித் தடுத்துட்டான்: "எண்ணெயக் கொறை சொல்லாதீங்ணா. காசு குடுத்தாக்கூட ஒருத்தனும் டேங்க இவ்வளவு சுத்தமாக் கழுவித் தர மாட்டானுங்க."

தள்ளறதுக்கு ஆள் வேணும்

புது பில்டர் போட்டும் கெரகம் விடலை. ஓடிட்டு இருக்கறப்ப ஒண்ணும் தெரியாது. ராத்திரி நிறுத்திக் காலைல எடுத்தா மட்டும் டீசல் வராது, ஏர் புடிச்சுக்கும். நானும் கைப்பம்ப அமுத்தி அமுத்தி ஏரை எடுத்து, செல்ப் அடிச்சடிச்சே பேட்டரி சார்ஜை எறக்கிப்போட்டு, கடைசில தெருவுல போறவங்களைக் கும்புட்டுக் கூப்புடுவேன்.

கம்பெனி வேனுக்குக் காத்து நிக்கற ஜனம் எங்க தெருமுக்குலதான் நிக்கும். பீகார் பசங்க 'ஜோர் சே, ஜோர் சே'ன்னு, இன்னும் பலமாத் தள்ளுன்னு அவங்க பாசைல, கத்திக்கிட்டே தள்ளுவாங்க. செக்கிங் வேலைக்குப் போற புள்ளைங்க டிபன் தூக்கக் கீழ வெச்சுட்டுக் கை குடுக்கும். எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்னும். பனியன் கம்பெனில துணி மடிச்சுக் குடுக்கற கைமடி வேலைக்குப் போற ஒரு அம்மா, ஒருநா வண்டி புடிச்சதும் முந்தானைல மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு ஜன்னல் பக்கம் வந்துச்சு. திட்டப் போகுதுன்னு தலையக் குனிஞ்சுக்கிட்டேன். அது கேட்டுச்சு: "ஏனுங்க, நாளைக்கும் தள்ளோணும்னா இப்பவே சொல்லிப்போடுங்க, நாலு இட்டிலி சேத்துத் தின்னுட்டு வர்றேன்."

மார்கழி

மார்கழி பொறந்துச்சு. ஒருநா கைப்பம்பு அமுங்கவே இல்லை. கழட்டிப் பாத்தா பில்டருக்குள்ள வெள்ளையாக் கட்டியா இருக்குது. மச்சான் அந்தத் தடவை எண்ணெய் மில்லுல இருந்து தேங்காய் எண்ணெய்க் கழிவு சல்லிசாக் கெடைக்குதுன்னு வாங்கிக் காய்ச்சியிருக்கான். குளுருக்கு அது உறைஞ்சு போச்சு. ஊட்டுக்காரி கொடம் கொடமா வெந்நி கொண்டாந்து குடுக்க, நான் வண்டியக் குளிப்பாட்டிட்டு இருந்தேன். ஆறு மணி லோடு எட்டு மணிக்குப் போச்சு. சாயப்பட்டறைக்காரங்க கம்பெனிக்குப் போனப் போட்டு நெருப்பாக் காய்ஞ்சு, கம்பெனிக்காரங்க என்னையக் கேட்டு, கடைசில எல்லாம் எம்பட தலைல வந்து விடிஞ்சுச்சு.

மச்சானுக்குப் போனப் போட்டு நல்லா நாலு வார்த்தை கேட்டேன். அவனுக்குக் கொஞ்சமாச்சும் ரோசம் வரணுமே! சந்தோசமாச் சொல்றான்: "மாமா, நல்ல தேங்காய் எண்ணெய்ன்னா உறையத்தானுங்க செய்யும். கலப்படம் இல்லைங்கறதுக்கு அதுதானுங்க சாட்சி."

வடிகட்டுன எண்ணெய்

அதுக்கப்பறம் நானே உசாராயிட்டேன். இனி ஒரு சொட்டுகூட வடிகட்டாம டேங்க்ல ஊத்தறதில்லைன்னு முடிவு பண்ணேன். எங்க ஊர்ல துணிக்கா பஞ்சம்? கம்பெனில லோடு அனுப்பற பொறுப்புல இருக்கற ஜெபமணியக்கா தூத்துக்குடிப் பக்கத்துக்காரங்க. நல்ல மனுசி. ஆர்டர்ல மிஞ்சுன பனியன் வெட்டுத் துணிய ஒரு பை நெறையக் குடுத்தாங்க. அதை ரெட்டையா மடிச்சுப் புனல்ல கட்டி, கேனு கேனா வடிகட்டி ஊத்துனேன். கொழந்தைக்குப் பால் ஆத்தறவங்க கூட அவ்வளவு பதனமா ஊத்த மாட்டாங்க.

வண்டி முன்னைக்கும் மோசமாச்சு. தங்கராசு டீசல் போற ஊதிப்போன ரப்பர் ஓஸ மாத்துனான், எஞ்சினுக்குள்ள டீசல் பீச்சற நாசில சர்வீசுக்குக் குடுத்தான், பேட்டரிய மாத்தச் சொன்னான். நானும் நாயாப் பேயா அலைஞ்சு மாத்துனேன். காலைல பழையபடி 'கொர்ர் கொர்ர்'. ஒருநா வண்டிக்குள்ளயே உக்காந்து அழுதுட்டேங்க, இதுல என்ன வெக்கம். அன்னிக்கு லேட்டாப் போயி நின்னப்ப ஜெபமணியக்கா என்னைத் தனியாக் கூப்புட்டாங்க: "அண்ணாச்சி, நாளைக்கு ஆறு மணிக்கு வண்டி இங்க நிக்கணும். மொதலாளிகிட்ட ஒங்களுக்காவ நானும் எத்தன நாளைக்குத்தான் பேச?"

டேங்குக்குள்ள

அன்னிக்கு மத்தியானமே தங்கராசுவக் கையோட கூட்டியாந்தேன். எல்லாத்தையும் பாத்தாச்சு, டேங்க மட்டும் எறக்கலை, எறக்குடான்னேன். டேங்குக்குள்ள டீசல் உறிஞ்சற கொழாய் முனைல சின்னதா ஒரு ஜல்லடை இருக்கும். அதை வெளிய உருவுனா, ஜல்லடையக் காணோம், மெத்தையாட்டப் பஞ்சு. ரோஸு, பாட்டில் பச்சை, வெள்ளைன்னு ஒவ்வொரு ஆர்டர் கலரும் அடுக்கடுக்கா இருக்குது. வெட்டுத் துணி ஓரத்துல இருந்து உதுந்த பஞ்சு. நான் வடிகட்ட வடிகட்ட உள்ள போயிச் சேந்திருக்குது. காசு குடுத்து சூனியம் வெச்சுக்கிட்டவன் உண்டு. தெனமும் வேர்த்து விறுவிறுத்து வெச்சுக்கிட்டவன் நான் ஒருத்தன்தாங்க.

கழுவி மாட்டி செல்ப் அடிச்சோம். ஒரே செல்ப்! எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. தங்கராசு அந்தப் பஞ்சைப் புழிஞ்சு கைல விரிச்சுப் பாத்துட்டுச் சொன்னான்: "அண்ணா, இதுல கொழந்தைக்கு ஒரு ஜட்டியே தெச்சுப் போடலாமுங்க."

ஒரே செல்ப்

மறுநா காலைலயும் ஒரே செல்ப். தெருமுக்குல இட்டிலியம்மா தள்ளறதுக்குத் தயாரா நின்னுச்சு. டாட்டா காட்டிட்டுப் போனேன். ஆறு அடிக்கறதுக்கு முன்னாலயே கம்பெனி கேட்டுல நிக்கறேன். உள்ள ஒரு புது வண்டி, ரோல் எல்லாம் ஏத்தி, கயிறு கட்டிட்டு இருக்காங்க.

"மொதலாளி நேத்து ராத்திரியே வேற ஆளுக்குச் சொல்லிட்டாவ அண்ணாச்சி. எனக்கே காலைலதான் தெரியும்"னாங்க ஜெபமணியக்கா. நான் வண்டிய ஆப் பண்ணி, மறுபடியும் ஸ்டார்ட் பண்ணிக் காட்டுனேன். ஒரே செல்ப். திரும்ப ஆப் பண்ணி, திரும்ப ஸ்டார்ட் பண்ணேன். லோடுமேனுக எல்லாரும் பாத்துட்டுத்தான் நின்னாங்க. புது வண்டி ஆரன் அடிச்சுது, நான் பின்னால எடுத்து வழி விட்டேன். ஜெபமணியக்கா உள்ள ஓடிப்போயி ஒரு பை நெறையத் துணி கொண்டாந்து எம்பட மடில வெச்சாங்க. அவங்களுக்கும் கண்ணு கலங்கித்தான் இருந்துச்சு: "வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. எண்ணெ வடிகட்ட ஆவும்லா."

பழைய வண்டிக்காரங்களே, நம்ம வண்டி புடிக்காத அன்னிக்குத் தள்ளி விட ஊரே வரும், புடிக்கற அன்னிக்கு லோடு ஏத்தத்தான் ஒருத்தரும் இருக்க மாட்டாங்க.