வெள்ளிக்கிழமை அவித்த கனோம் ஜீப்

காலை எட்டரைக்கு ஆதம்பாக்கத்தில் ஆட்டோ ஏறினேன். தி.நகருக்கு முந்நூறு கேட்டார் டிரைவர், இருநூற்று முப்பதுக்கு இறங்கி வந்தார். வழியெல்லாம் மெட்ரோ வேலையைத் திட்டிக்கொண்டே ஓட்டினார். எனக்கும் யாரையாவது திட்ட வேண்டும் போலிருந்ததால் கூடச் சேர்ந்துகொண்டேன்.

தம்பி ஜெரால்டு பாங்காக்கில் வேலை பார்க்கிறான். அங்கேயே நொய் என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான். இப்போதுதான் முதல்முறையாக அவளை அழைத்து வந்திருக்கிறான். சாந்தோமில் அம்மா வீடு இருக்க, அடையாற்றில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். அவள் கையால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று சொல்லியிருந்த அம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஒரு மதியச் சாப்பாட்டுக்குச் சம்மதம் வாங்கினேன். நொய் தன் ஊர்ப் பலகாரம் செய்ய வேண்டும், அம்மா சாப்பிட வேண்டும். சாப்பிட்டுவிட்டால் அன்றைக்கே பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிடலாம். அம்மா குறித்துக் கொடுத்த நாள் தவக்காலத்து வெள்ளி, கறி தொடக்கூடாத சுத்தபோசன நாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கனோம் ஜீப் என்பது நம் கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம். வாய் மூடாமல் பூப்போல விரிந்திருக்கும். உள்ளே பன்றிக்கறி வைப்பார்கள். வெள்ளிக்கிழமை கறி ஆகாதென்று இறாலுக்கு மாற்றினோம். மேல்மாவுத் தாள் தி.நகர் கடையில் உறைந்த பாக்கெட்டாகக் கிடைத்தது. அங்கிருந்து ஊரூர் ஒல்காட் குப்பம். மீன் விற்கும் அக்கா இறாலை உரித்துக்கொண்டே விசாரித்தார்.

"இன்னாத்துக்குமா இவ்ளோ சின்னதா அரியச் சொல்ற? வடையா?"

"தம்பி பொண்டாட்டி அவங்க ஊரு பலகாரம் செய்யப் போறாக்கா."

"மாமியாருக்கா? அப்ப நல்ல எறாவா போட்றேன், இரு."

பதினொன்றரைக்கு, தம்பியையும் நொய்யையும் கூட்டிக்கொண்டு சாந்தோம் வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா ரிடையர்டு ஆங்கில டீச்சர். நொய்க்கும் ஆங்கிலம் வரும். இருந்தும் அம்மா என்னிடம்தான் பேசினாள்.

நொய் கொத்தமல்லி வேர், பூண்டு, மிளகை இடித்து இறாலில் பிசைந்தாள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கி, தாளை அதில் வைத்து, ஒரு ஸ்பூன் இறாலை அடைத்து மெல்ல இறுக்கினாள். இடுப்பு சிறுத்த குட்டிப் பை ஒன்று வந்தது. அம்மாவின் இட்லிப் பானையில்தான் அவித்தோம். பூண்டைப் பொரித்து, பொரித்த எண்ணெயோடு மேலே ஊற்றிக் கொடுத்தாள்.

அம்மா ஒன்றைப் பிட்டு வாயில் வைத்தாள். அப்புறம் ஒன்று. மூன்றாவதை எடுத்தபோது ஜெரால்டு என் காலை மிதித்தான். அம்மா நொய்யைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டாள், "நல்ல வாசனை. என்ன எண்ணெய் இது?"

மாமியார் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. பாவி மகள், சந்தோஷத்தில் ஓடிப்போய்ப் பையிலிருந்த புட்டியையே கொண்டுவந்து காட்டினாள். ஊரில் அவள் அம்மா காய்ச்சிக் கொடுத்த பன்றிக் கொழுப்பு.

அம்மா எழுந்துபோய் வாயைக் கொப்பளித்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏம்மா, கறிதான் கூடாது, கொழுப்புல தாளிச்சா தோஷமில்லைன்னு ஞானோபதேச வகுப்புல நீதானே சொல்லிக் கொடுத்தே?"

"அது நம்ம பிள்ளைங்களுக்குச் சொன்னது" என்றாள் அம்மா.

கொழுப்பே படாத இறாலாயிருந்தாலும், வெறும் அரிசி மாவாயிருந்தாலும் ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்திருப்பாள். கிளம்பினோம். நொய் கழுவித் துடைத்து வைத்த இட்லிப் பானையை அம்மா வாசல்வரை காலால் தள்ளிக்கொண்டு வந்தாள். "இது இனிமே இந்த வீட்டுக்கு ஆகாது. அவளையே எடுத்துட்டுப் போகச் சொல்லு."

நொய்க்குத் தமிழ் தெரியாது. பானையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், கைகூப்பி நெற்றி தாழக் கும்பிட்டாள். ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு ஜெரால்டிடம் ஆங்கிலத்தில் கேட்டாள், "அம்மா என்னை மன்னிச்சுட்டாங்களா?"

அவன் ரோட்டைப் பார்த்தபடியே ஆமாம் என்றான். நாளைக்கும் ஏதாவது செய்துகொண்டு போகலாமா என்று அவள் என் பக்கம் திரும்பினாள்.