ரெட்டைப்பாலத் தோட்டத்துப் பள்ளிக்குக் கிடைத்த அங்கீகாரம்

சந்திரமதி டீச்சர் ரயில்வேயில் வேலை பார்த்த ஒரு யாழ்ப்பாணத்துக்காரரின் கடைசி மகள். பிறந்தது, படித்தது எல்லாம் மலேசியாவின் ஈப்போ நகரம். அங்கேயே ஒரு பெண்கள் இடைநிலைப் பள்ளியில் பூகோளம் கற்பித்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சனிக்கிழமை காலைகளில் தன் பழைய மோரிஸ் மைனரை எடுத்துக்கொண்டு தோட்டங்களுக்குப் போய்விடுவார்.

உலகத்துப் பிள்ளைகள் ஒருவரையொருவர் அறிந்து வளர வேண்டும் என்று வெளிநாட்டில் ஓர் அமைப்பு வேலை செய்துகொண்டிருந்தது. அதன் நிபந்தனைகளை நிறைவேற்றும் பள்ளிகளுக்கு ‘அனைத்துலக நட்புறவுப் பள்ளி’ என்ற அங்கீகாரம் கிடைக்கும். பள்ளிகளை அதற்குத் தயார் செய்ய ஈப்போ ஆசிரியர்கள் சிலர் ஒரு குழு வைத்திருந்தார்கள். மற்றவர்கள் நகரத்துப் பள்ளிகளை எடுத்துக்கொண்டார்கள். தோட்டத் தமிழ்ப்பள்ளிகளைச் சந்திரமதி கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் கைபட்டு அதற்குள் மூன்று பள்ளிகள் தேறியிருந்தன.

நான்காவதுதான் ரெட்டைப்பாலத் தோட்டம். 1979ஆம் ஆண்டு அங்கே முதல்முறை போனபோது ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டிருந்தார்கள். இடுப்பளவுக் கன்றுகளுக்கு நடுவே லாலான் புல் பழுப்பேறிச் செத்துக் கிடந்தது. தீ வைத்த தடயம் எதுவும் இல்லை. ஒரு தவளைச் சத்தம்கூட இல்லை. காரின் கண்ணாடியை இறக்கியதும் தொண்டைக்குள் ஏதோ கசந்தது.

“புல்லுக்கு மருந்து அடிக்கிறாங்க டீச்சர். ரெண்டு நாளைக்கு அப்படித்தான் இருக்கும், அப்புறம் தெரியாது” என்றார் தலைமையாசிரியர் ராமையா.

பிள்ளைகளுக்குச் சந்திரமதி எப்போதும் கொடுக்கும் முதல் வேலை ஒன்று உண்டு. வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவர வேண்டும். அது எந்த நாட்டில் உண்டானது, யார் யார் கை மாறி இங்கே வந்தது என்று எல்லாரும் சேர்ந்து கண்டுபிடிப்பார்கள். மற்றப் பள்ளிகளில் சார்டின் டப்பா வந்தது, குடை வந்தது, சுவர்க்கடிகாரம் வந்தது. இங்கே ஆறாம் வகுப்புச் செல்லாயி, தன் இடுப்புயரத்துக்கு ஒரு நீல டின்னைத் தூக்கமுடியாமல் தூக்கி வந்தாள். டின்னின் பக்கவாட்டில் மண்டையோடும் இரண்டு எலும்புகளும் அச்சிடப்பட்டிருந்தன.

“இது எதுக்கம்மா?”

“தண்ணி புடிச்சி வைக்க, டீச்சர். அம்மாவுக்கு மருந்தடிக்கிற வேல. காலியானதும் வீட்டுக்குக் குடுத்துருவாங்க. வெளிநாட்டுல இருந்து வருதுன்னு வேல வாங்குற தண்டல் சொன்னாரு.”

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. யார் வீட்டிலெல்லாம் இந்த டின் இருக்கிறது என்று சந்திரமதி கேட்டார். கைகள் உயர்ந்தன. கை தூக்காத பிள்ளையைத் தேடிப் பார்த்தார். ஒருவரும் இல்லை.

அன்றே செல்லாயியின் தாய் காளியம்மாவைப் பார்க்க, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனார். காளியம்மாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான பெண். வலது கையில் இரண்டு விரல்களுக்கு நகம் இல்லை.

“நல்லா களுவிட்டுத்தான் டீச்சர் புடிக்கிறோம். சோப்பு போட்டுக் களுவிருவோம்.”

“டின்னில இருக்கிற இந்தப் படத்தைப் பாக்கேல்லையா?”

“பாக்காம என்னா? குடிச்சா செத்துருவாங்கன்னு போட்டிருக்கு. நாங்க மருந்தையா குடிக்கிறோம்? தண்ணியத்தான குடிக்கிறோம்.” பேசிக்கொண்டே முந்தானையால் மூக்கைத் துடைத்தார். துணியில் ரத்தம். “இது சூட்டுக்கு வர்றது. குழாயில காலையில கொஞ்ச நேரந்தான் தண்ணி வரும். வேற எதுல புடிச்சி வைக்கிறது, சொல்லுங்க?”

சந்திரமதி பள்ளிக்குத் திரும்பி, அங்கீகாரத்துக்கான கண்காட்சி இந்த டின்னைப் பற்றித்தான் இருக்கும் என்று ராமையாவிடம் சொன்னார். ராமையா எழுந்து அறைக் கதவைச் சாத்தினார்.

“பள்ளிக்கூடம் நிக்கிற நெலம் தோட்டத்தோடது, டீச்சர். கரண்டும் தோட்டத்தோடது. நான் குடியிருக்கிற வீடும் அவுங்களோடதுதான்.”

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைகள் பெரிய தாளில் உலகப்படம் வரைந்தார்கள். மருந்து செய்கிற நாட்டிலிருந்து தங்கள் மாநிலமான பேராக்குக்கு ஒரு சிவப்பு நூல். பேராக்கிலிருந்து செம்பனை எண்ணெய் போகிற நாடுகளுக்கு ஒரு மஞ்சள் நூல். இரண்டும் சந்திக்கிற இடத்தில் செல்லாயி தன் தாயை வரைந்தாள், முதுகில் மருந்துத் தொட்டியோடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மயில்வாகனம் சந்திரமதியின் வீட்டுக்கு வந்தார். அவர் ரெட்டைப்பாலத் தோட்டத்து அலுவலகத்தின் தலைமை எழுத்தர், பெரிய கிராணி. சந்திரமதியின் தாய்க்கு ஒன்றுவிட்ட தம்பி. நல்லநாள் பெருநாளைத் தவிர வராதவர். தேநீரை ஆற்றி ஆற்றிக் குடித்தார்.

“எங்கட தோட்டத்துப் பள்ளிக்கு வாறியாம், பிள்ளை?”

“ஓம், மாமா. அங்கீகாரத்துக்குப் பார்க்க ஆக்கள் வரப்போகினம்.”

“நல்ல விஷயம். பிள்ளையளுக்கு ஒரு ஜப்பான் டான்ஸ், ஒரு மலாய் டான்ஸ் பழக்கி விடு. வாறவை சந்தோஷமாப் போவினம். உந்த டின் கதை மட்டும் வேண்டாம்.”

“அதில தண்ணி குடிக்கினம், மாமா.”

“எனக்குத் தெரியாதோ?” கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். “காளியம்மா எண்டு ஒருத்தி. அவளின்ர பேர் பெரிய துரையின்ர வாயில வந்திட்டுது. அதைச் சொல்லத்தான் வந்தனான்.”

போகும்போது மோரிஸின் டயரைக் காலால் தட்டிப் பார்த்தார். தேய்ந்துபோயிருக்கிறது, தோட்டத்துப் பாதையில் தனியாக வரும்போது கவனம் என்றார். அக்கறையாகச் சொன்னாரா, வேறு எதற்காகச் சொன்னாரா என்று சந்திரமதிக்குப் பிடிபடவில்லை.

அடுத்த வாரமே மருந்தடிக்கிற பெண்களைப் பள்ளி வேலியோரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அழிக்க வேண்டிய புல் அவ்வளவு இல்லை. வகுப்பு நடக்கும் நேரம் பார்த்துத்தான் அனுப்பினார்கள். ஜன்னல்களைச் சாத்தியும் பிள்ளைகள் இருமினார்கள். வரிசையில் காளியம்மாவும் இருந்தார். தன் மகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பைத் தாண்டிப் போகும்போது அவர் தலையைத் தூக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் சந்திரமதி அவர் வீட்டு வாசலில் நின்றார். “நீங்க வேண்டாம் எண்டு சொன்னா நான் நிறுத்திடுறன்” என்றார். மயில்வாகனம் வந்துபோனதை மட்டும் சொல்லவில்லை. வீணாகப் பயமுறுத்த வேண்டாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

காளியம்மா கையிலிருந்த விறகைக் கீழே போட்டார். “எம்மவ ரெண்டு வாரமா அந்தப் படத்த வரைஞ்சிக்கிட்டு இருக்கா டீச்சர். அழின்னு சொல்ல எனக்கு மனசு வரல. நீங்க செய்ங்க.”

பள்ளியைப் பார்வையிட அந்த அமைப்பிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். தோட்ட மேலாளரான பெரிய துரையும் வந்து எல்லாருக்கும் கைகொடுத்தார். சிரித்த முகத்தோடு ஒவ்வொரு படத்தையும் நின்று பார்த்தார். செல்லாயியின் படத்துக்கு முன்னால் மற்றவற்றைவிட அதிக நேரம் நின்று, வரைந்த பிள்ளை யார் என்று கேட்டார். ராமையாவுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அங்கீகாரம் கிடைத்தது. அந்த அமைப்பின் பத்திரிகையில் செல்லாயியின் படம் வெளியானது. அதைத் தோட்டக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் யாரோ பார்த்திருக்க வேண்டும். ஒரு நாள் லாரி வந்து லயத்திலிருந்த நீல டின்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போனது. வீட்டுக்கு இரண்டு வாளி கொடுத்தார்கள். மருந்தடிக்கிற பெண்களுக்குக் கையுறை வந்தது. சந்திரமதி ஈப்போவுக்குத் திரும்பும் வழியில் காரில் தனியாகவே சிரித்துக்கொண்டு போனார்.

அதற்கு மறுமாதம், பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் காலைப் பிரட்டில் தண்டல் எல்லாப் பெயரையும் கூப்பிட்டார், காளியம்மாவின் பெயரைத் தவிர. மறுநாளும் கூப்பிடவில்லை. பிறகு வேலையில்லை என்று ஆள் அனுப்பிச் சொன்னார்கள். வேலையில்லாதவருக்கு லயத்தில் வீடு கிடையாது.

சந்திரமதி மயில்வாகனத்தின் வீட்டுக்கு ஓடினார். அவர் வாசற்கதவைப் பாதிதான் திறந்தார். “நான் சொன்னனான் தானே, பிள்ளை” என்றார். கதவு சாத்திக்கொண்டது.

காளியம்மா மகளோடு ஈப்போவின் புந்தோங் பகுதியில் ஒரு வீட்டின் பின்னறைக்குக் குடிவந்தார். கணவர் முன்பே இறந்துபோனவர். சீனர் கோப்பிக்கடையில் மங்கு, கோப்பை கழுவினார். சந்திரமதி அடிக்கடி போய்ப் பார்த்தார். அரிசி, பால்மாவு கொண்டுபோய்க் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் காளியம்மாவின் மூச்சு இன்னும் சுருங்கியிருந்தது. படியேற முடியாமல் போனது, பிறகு ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் போனது. நெஞ்சு காய்ந்துபோய்விட்டது என்றார் டாக்டர். எதனால் என்று கேட்டதற்கு, அதை இனிச் சொல்ல முடியாது என்றார். 1983இல், மழைக்காலத்தில், ஈப்போ ஆஸ்பத்திரியில் காளியம்மா இறந்தார்.

செல்லாயி அதற்குள் பள்ளியை விட்டுத் தையல் தொழிற்சாலையில் சேர்ந்திருந்தாள். கருமாதி முடிந்த அன்று சந்திரமதி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, மயில்வாகனம் வந்து எச்சரித்ததைச் சொன்னார். 

“தெரியும், டீச்சர்” என்றாள் செல்லாயி. “அம்மாவுக்கும் தெரியும். தண்டல் எங்க வீட்டுக்கே வந்து சொல்லிட்டுத்தான் போனாரு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு அம்மாதான் சொல்லிட்டாங்க. சொன்னா நீங்க நிறுத்திருவீங்கல்ல.”

“வீடு போகும் எண்டும் தெரியுமோ?” என்று கேட்டார் சந்திரமதி.

“வீடு போவும்னு அம்மாவுக்குத் தெரியும். நெஞ்சு ஏற்கனவே போயிருச்சுன்னுதான் தெரியாது.” பிறகு செல்லாயி, வந்தவர்கள் சாப்பிட்ட இலைகளை எடுக்கப் போனாள்.

சந்திரமதி குழுவை விட்டு விலகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நகரத்துப் பள்ளிகளைத்தான் எடுத்துக்கொண்டார். அங்கே பிள்ளைகள் ஜப்பான் விசிறியோடு ஆடினார்கள். அங்கீகாரங்கள் சிக்கலில்லாமல் வந்தன.

1986இல் ரெட்டைப்பாலத் தோட்டம் கைமாறியது. அந்த வருஷக் கடைசியில் ராமையா ஓய்வுபெற்று ஈப்போவுக்கு வந்தபோது, சந்திரமதியைத் தேடி வந்து ஒரு விஷயம் சொன்னார். புது முதலாளி வேறு மருந்து வாங்குகிறாராம். டின் வெள்ளை நிறமாம். மண்டையோடு மூடிக்கு அடியில் சின்னதாக இருக்கிறதாம். பழைய வாளிகள் துருப்பிடித்துப் போனதால் லயத்தில் எல்லாரும் காலி டின்னை வாங்கித் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்கிறார்களாம்.

அடுத்த சனிக்கிழமை சந்திரமதி மோரிஸை எடுத்தார். தோட்டத்து வழியில் இப்போது இரும்புக் கேட் போட்டிருந்தார்கள். அறிமுகமில்லாத காவல்காரர் ஒருவர் வந்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். லயத்து ஆட்களைப் பார்க்க வேண்டும் என்றார் சந்திரமதி. காவல்காரர் காரைச் சுற்றி வந்து எண்ணைக் குறித்துக்கொண்டார். பிறகு கொட்டகைக்குள் போய் யாருக்கோ டெலிபோன் செய்தார். சந்திரமதி எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். கேட் திறக்கவில்லை.