பூநாரை வயிற்றில் முளைத்த நெல்

எங்கள் கல்லூரி விலங்கியல் அருங்காட்சியகத்தில் கொள்ளிடத்து முதலை உண்டு, கோடியக்கரையில் ஒதுங்கிய திமிங்கிலத்தின் தாடையெலும்பு உண்டு. ஜாடிக்குள் இரட்டைத்தலைக் கன்று முறைத்துக்கொண்டிருக்கும். என்னைக் கேட்டால் அங்கே உருப்படியானது அட்டெண்டர் பக்கிரி ஒருவர்தான். நான் அப்போது டெமான்ஸ்ட்ரேட்டர்.

பக்கிரி பூதலூர்ப் பக்கத்துப் பண்ணையாள். அறுபத்தொன்பது தை அறுவடையில் கூலித் தகராறு வந்து, சங்கக் கொடி பிடித்ததற்காகப் பண்ணையில் வேலை போய்விட்டது. அந்த ஊருக்குப் பாம்பு தேடிப் போன பேராசிரியர் நாகநாதன் ஒரு வைக்கோல் கன்றைப் பார்த்தார். செத்த கன்றின் தோலில் வைக்கோல் திணித்துப் பக்கிரி தைத்தது. தாய்ப்பசு அதை நக்கிக்கொண்டே பால் சுரந்தது. பசுவையே ஏமாற்றியவர் நம் மாணவர்களை ஏமாற்ற மாட்டாரா என்று கையோடு அழைத்து வந்துவிட்டார்.

வேலை தற்காலிகம். ஐப்பசியில் சென்னையிலிருந்து ஆய்வுக்கு வரும் அதிகாரி சரி என்றால் நிரந்தரம். இல்லையென்றால் ஊருக்குத்தான் போக வேண்டும், ஊரில் அவரை நெற்களத்தில் வேலைக்குச் சேர்க்க ஆளில்லை.

பங்குனியில் கோடியக்கரை உப்பளத்தில் செத்துக் கிடந்த பூநாரை ஒன்று வந்து சேர்ந்தது. பக்கிரி தன் ஊர் வீட்டிலிருந்து ஒரு கட்டு வைக்கோல் கொண்டுவந்து அதன் தோலுக்குள் அடைத்துத் தைத்தார். ஒற்றைக்காலில் நின்ற அதன் ஒய்யாரத்தைப் பார்க்கப் பக்கத்துப் பள்ளிக்கூடமே திரண்டு வந்தது.

ஐப்பசி மழையில் கூரை ஒழுகியது. முதலையை நகர்த்திய நான் பூநாரையை மறந்துவிட்டேன். பத்து நாள் பூட்டிக் கிடந்த கதவை ஆய்வன்று காலை திறந்தால், பறவையின் வயிற்றுத் தையலைப் பிளந்துகொண்டு நாலு விரல் உயரத்துக்குப் பச்சைப்பசேலென்று நாற்று. நாகநாதன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பயத்தில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பறவையை மறைப்பதற்குள் அதிகாரி உள்ளே வந்துவிட்டார்.

“என்னய்யா இது?”

“நாத்துங்க” என்றார் பக்கிரி.

“அது தெரியுது. பறவைக்குள்ள எப்படி?”

“தை அறுப்புல கதிர்க்கட்டு அடிச்ச மறுநாளே வேலைநிறுத்தங்க. மிச்ச நெல்லை உதிர்க்க மாடு கட்டிப் போரடிக்க யாரும் போகல. வைக்கோல்ல நெல்லு தங்கிருச்சுங்க.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். “சம்பாவா?”

“ஆமாங்க.”

“நல்லாத்தான் வந்திருக்கு. சரி, பிடுங்கிடு.”

பக்கிரி கையை நீட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“நிக்கட்டுங்களே. முப்பது வருஷம் நாத்து விட்டிருக்கேன். யாருக்கும் அளக்க வேண்டாத பயிர் எனக்கு இதுதாங்க மொதல்.”

என் சிரிப்பு நின்றுபோனது. அதிகாரி முதலையின் முதுகில் காகிதத்தை வைத்து, நிரந்தரம் செய்யலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவர் கார் கிளம்பியதும் பக்கிரி ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தார். பறவை அழுகிவிடும் என்று பேராசிரியருக்குத் தெரியாதா என்ன? எழுந்து போய், தண்ணீர் ஊற்ற வாகாகப் பூநாரையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.