கைக்கு வைத்த ஸிப்

விடிந்ததும் நான் கேட்பது ஒரே கேள்வியாக இருந்தது.

“ஓடுதா?”

மனைவி இரண்டு விரலை இடது முன்னங்கையில் வைத்துப் பார்ப்பாள். “ஓடுது” என்பாள். அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் அடுப்புப் பற்றும்.

சிறுநீரகம் இரண்டும் வேலையை விட்டுவிட்டதால், வாரத்தில் இரண்டு நாள் அவளுடைய இரத்தத்தை மெஷினில் விட்டுச் சுத்தப்படுத்தித் திருப்பி ஏற்ற வேண்டியிருந்தது. அதற்காக இடது கையில் இரண்டு இரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் இரத்தம் விசையோடு ஓடும். விரல் வைத்தால், பழைய ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் கை வைத்தது போல ஓர் உறுமல் தெரியும். உறுமல் இருந்தால் வழி திறந்திருக்கிறது. நின்றால் ஊசி குத்த இடமில்லை. டொக்டர் நீளமாகச் சொன்னதை அவள் சுருக்கி வைத்திருந்தாள்.

“இந்தக் கை போனா கழுத்துல குழாய் போடுவாங்க. கழுத்துல ரொம்ப நாளைக்கு வைக்க ஏலாது. அதுக்குப் பொறகு எங்கன்னு அவங்களுக்கே தெரியாது.”

ஆகவே அந்தக் கை எங்கள் வீட்டில் தனி ஆளாக இருந்தது. அதில் வளையல் கிடையாது, கடிகாரம் கிடையாது. அதன் மேல் சாய்ந்து படுக்கக் கூடாது, பை தூக்கக் கூடாது, இறுக்கமாக எதுவும் போடக் கூடாது. பஸ்ஸில் யாராவது அந்தப் பக்கம் இடித்தால் நான் நடுவில் போய் நிற்பேன். “உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள ஊரே காலியாக் கெடக்கு” என்று கண்டக்டர் கத்துவார். குண்டசாலையிலிருந்து கண்டி வரைக்கும் அந்தக் காலி ஊரில் நாங்கள் ஒற்றைக் காலில் நின்று போவோம்.

நான் கண்டி டவுனில் ஒரு துணிக்கடையில் நிற்கிறவன். படிப்புக் குறைவு, வாய் அதிகம். கடைக்கு வருகிறவர்கள் போகிறபோக்கில் சொல்கிற வார்த்தைகளைப் பொறுக்கி வைத்துக்கொள்வது என் பழக்கம். “இந்தக் கலர் என்னய மொறைக்குது” என்று ஒரு அம்மா சொன்னதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறேன். மெஷின் அறைக்குப் போக ஆரம்பித்த பிறகு அங்கே கேட்டதையும் பொறுக்கினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அந்த அறையில் முதல் எதிரி குளிர். கண்டிக் குளிரோடு ஏ.சி. குளிர். உடம்பை விட்டு வெளியே சுற்றித் திரும்புகிற இரத்தமும் கொஞ்சம் ஆறித்தான் வரும் போலிருக்கிறது. படுத்த கொஞ்ச நேரத்தில் பல் தாளம் போடத் தொடங்கிவிடும். ஜேர்சி போட்டால் கையை மேலே சுருட்ட வேண்டும், சுருட்டினால் இறுக்கும். ஆகவே ஒரு பக்கத்துக் கையை முழுதாகக் கழற்றி, பாதி உடம்பு ஜேர்சியும் பாதி உடம்பு போர்வையுமாகக் கிடப்பாள். எதிரே ஆண்கள், பக்கத்தில் ஆண்கள். போர்வை நழுவும்போதெல்லாம் ஊசி இல்லாத கையால் அவள் இழுத்து இழுத்து மூடுவதை நான் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்திருக்கிறேன்.

அவள் கார்மென்ட்டில் வேலை செய்தவள். உடம்பு முடியாமல் போகும்வரை அவள் இருந்தது கை மூட்டுகிற லைன். சட்டைக்குக் கை வைத்து அடுத்த ஆளுக்குத் தள்ளுவாள், அவ்வளவுதான். “முழுச் சட்டை எப்பிடி இருக்கும்னு ஒங்க கடையிலதான் பாத்தேன்” என்று என்னைக் கட்டிய புதிதில் சொன்னாள். அவளே ஒரு நாள், “ஜேர்சிக் கையைப் பிளந்து ஸிப் வச்சா என்ன?” என்று கேட்டாள்.

சாதாரண ஸிப் சரிவரவில்லை. மேலிருந்து திறந்தால் தோள் முழுக்கத் திறந்துவிடும். இரண்டு பூட்டு உள்ள ஸிப் வேண்டும். ஒன்றை மேலே தள்ளி, மற்றதைக் கீழே இழுத்தால் நடுவில் வேண்டிய அளவு மட்டும் திறக்கும். அப்படி ஒன்று நடைபாதையில் குவித்து விற்கிற பழைய குளிர் ஜெக்கெட் ஒன்றில் கிடைத்தது. அதை வெட்டி எடுத்து, காப்பிக் கலர் ஜேர்சியின் இடது கையில் தோளிலிருந்து மணிக்கட்டு வரை வைத்துத் தைத்தாள். ஸிப்பின் பல் தோலில் படாதபடி உள்ளே மெல்லிய பருத்திப் பட்டி. கை இரண்டு விரல் அளவு கூடுதல் அகலம். மணிக்கட்டில் இறுக்கிப் பிடிக்கிற ரப்பர் இழுவை வைக்கவில்லை. காப்பிக் கலர் ஏன் என்று கேட்டேன். “ரத்தம் பட்டாத் தெரியாது” என்றாள்.

அதைப் போட்டுக்கொண்டு போன அன்று நர்ஸ் மிஸ் நடுவில் மட்டும் திறந்து பார்த்து, மூடி, திரும்பத் திறந்து பார்த்தார். பக்கத்துக் கட்டிலில் திகனவில் சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா. எப்போதும் அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டும்.

“தங்கச்சி, இது என்ன, ஏ.டி.எம். மெஷினா? தொறந்து எடுத்துட்டு மூடுறாங்க.”

“ஒங்களுக்கும் ஒண்ணு தச்சுத் தரவா நானா?”

“தாங்க. ஆனா பொக்கெட் வச்சுத் தாங்க. நம்மட வீட்டுல அவ நான் எங்க போனாலும் லிஸ்ட் போட்டுச் சாமான் சொல்ற.”

“பொக்கெட்டு வச்சா நிறுக்கிறப்போ போனையும் தண்ணீன்னு நெனச்சு எடுத்துருவாங்க.”

நானா சிரித்த சிரிப்பில் அவருடைய மெஷின் கத்தியது. அந்த அறையில் ஆளை எடை பார்த்துத்தான் எவ்வளவு தண்ணீர் எடுப்பது என்று முடிவு செய்வார்கள். அதனால் அவள் ஒவ்வொரு முறையும் அதே ஜேர்சி, அதே பாவாடை. துவைத்து, காயவைத்து, ஒரு பழைய பையில் போட்டுவைப்பாள். அந்தப் பையின் ஸிப்புக்குப் பிடி உடைந்து பல நாளாகிறது. ஊசிப்பின் மாட்டி இழுப்போம்.

மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில் அவளுடைய அக்கா பன்விலயிலிருந்து வந்தார். தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். நான் கடைக்குப் போயிருந்தேன். நடந்ததை அவள் பிறகு சொன்னாள்.

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தங்கைக்காக நேர்ந்து, மஞ்சளில் நனைத்த காப்பு நூலை அக்கா முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருக்கிறார். என்னைக் கட்டி எங்கள் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தவள் என்றாலும், மாதாவும் மாரியாத்தாவும் எங்கள் வீட்டில் சண்டை போட்டதில்லை. காப்பு என்றால் ஆணுக்கு வலது கை, பெண்ணுக்கு இடது கை. அதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. அக்கா இடது கையைப் பிடித்திருக்கிறார்.

“அந்தக் கையில ஒண்ணும் போடக் கூடாதுக்கா.”

“வளையல்தானே பாப்பா போடக் கூடாது? இது வெறும் நூலு. நூலுக்கு என்ன கனம்?”

மூன்று சுற்று, மூன்று முடிச்சு. அக்கா மூன்று பஸ் மாறி வந்திருந்தார். அவரிடம் கையை இழுத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. அவர் போன பிறகு குளிருக்கு ஜேர்சியைப் போட்டுக்கொண்டாள். மிஸ் கண்டால் ஏசுவார் என்று, மெஷின் நாளன்று காலையில் அவிழ்த்துவிடலாம் என்று இருந்திருக்கிறாள். நனைந்த நூல் காய்ந்து இறுகியது. சுத்தம் செய்கிற நாள் நெருங்க நெருங்க அவளுக்குக் கை வீங்கும். முடிச்சு சதைக்குள் போய்விட்டது.

நூல் கையில் இருந்த இரண்டு நாளும் நான் கேட்டேன். “ஓடுதா?”

“ஓடுது.”

விரல் வைத்துச் சொன்னாளா, வாய்ப் பழக்கத்தில் சொன்னாளா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. ஜேர்சிக் கை மணிக்கட்டு வரை மூடியிருந்தது.

கட்டிலில் படுத்ததும் மிஸ் கீழ்ப் பூட்டை இழுத்தார். நின்றார். கத்தரிக்கோல் எடுத்து நூலை வெட்டினார். விரல் வைத்தார். விரலை நகர்த்தி வைத்தார். பிறகு காதில் குழாயை மாட்டிக் கையில் வைத்துக் கேட்டார். மிஸ் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டு அவளிடம் கேட்டார்.

“அம்மா, இது யாரு கட்டினது?”

“அக்கா, மிஸ்.”

மிஸ் சிங்களவர், எங்களுக்காகத் தமிழ் பேசுவார். ஏசுவார் என்று நின்றேன். “நானும் பன்சலைக்கு, புத்தர் கோயிலுக்குப் போனா கட்டுறதுதான்” என்றார். வெட்டிய நூலைக் குப்பையில் போடாமல் ஒரு துண்டுக் கடதாசியில் சுற்றி என் கையில் தந்தார். பிறகு டொக்டரைக் கூப்பிடப் போனார்.

டொக்டர்கள் ஏதேதோ செய்து பார்த்தார்கள். பின்னேரம் கழுத்தில் குழாய் போட்டார்கள். நூலால்தானா என்று டொக்டரிடம் கேட்டேன். போன முறை அவளுக்குப் பிரஷர் விழுந்தது, அதனாலும் இரத்தம் உறைந்திருக்கலாம் என்றார். “நூல்தான்னும் சொல்ல ஏலாது, நூல் இல்லன்னும் சொல்ல ஏலாது” என்றார். சரி என்று தலையாட்டினேன். பக்கத்தில் ஒரு கதிரை இருந்தது, அதில் உட்கார்ந்தேன். சுவரில் பல்லி ஒன்று போனது. அது மறுபக்கம் போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. பசித்தது. கன்டீனில் பணிஸ் வாங்கித் தின்றேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள் விடிந்ததும் எனக்கு வாய் திறந்தது. திறந்ததை மூடிக்கொண்டேன். அவளும் விரலை எடுத்துக் கையில் வைத்து, பிறகு எடுத்துவிட்டாள். “தண்ணி கொதிக்குதா பாருங்க” என்றாள்.

கழுத்துக் குழாய் வலது பக்கம் மார்பு வரை தொங்கியது. தலை வழியாகப் போடுகிற எதையும் இனிப் போட முடியாது. குளிக்கும்போது நனையக் கூடாது, தூங்கும்போது இழுபடக் கூடாது. காப்பிக் கலர் ஜேர்சியை மடியில் போட்டு, பிளேடால் கையின் ஸிப்பைப் பிரித்தாள். நூல் நூலாகப் பிரித்தாள். பிறகு முன்பக்கத்தை நடுவில் வெட்டி, அந்த ஸிப்பையே கழுத்திலிருந்து வைத்தாள். இரண்டு பூட்டு இப்போதும் உதவியது. குழாய் இருக்கிற இடம் மட்டும் திறக்கும், மற்றது மூடியிருக்கும். பிளந்த கையை மூடித் தைத்தாள். கோடு தெரிந்தது. தெரியட்டும் என்றாள். நான் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் பேசவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது நம்பக் கஷ்டம்.

நானா மட்டும் கேட்டார். “ஏ.டி.எம். இடம் மாத்திட்டாங்களா தங்கச்சி?”

“ஓம் நானா. பழைய எடத்துல கரண்டு போயிருச்சு.”

அவர் சிரிக்கப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்.

அக்கா திரும்ப வந்தபோது நானும் வீட்டில் இருந்தேன். கழுத்தைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

“என்ன பாப்பா இது?”

“கையில அடைச்சிருச்சுக்கா. பிரஷர் எறங்குனா அப்பிடி ஆகுமாம்.”

“நான் கட்டுன காப்பு எங்க?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் அலுமாரியைத் திறந்து கடதாசிச் சுருளை எடுத்துக் கொடுத்தேன். அக்கா அதைப் பிரித்துப் பார்த்தார். வெட்டுப்பட்ட நுனியை விரலால் தடவினார்.

“வெட்டியிருக்கு.”

“ஊசி போடுறதுக்கு எடுக்கணும்ல.”

“நான் இறுக்கிட்டேனா?”

“நீங்க ஒண்ணும் இறுக்கலக்கா.” சொல்லும்போது அவள் குரல் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. அந்த நூலை வாங்கி, பையின் உடைந்த ஸிப்பில் கோத்து முடிச்சுப் போட்டாள். “இப்ப இழுக்க லேசு” என்றாள். அக்கா அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணி ஆறிப்போனது. பிறகு என் பக்கம் திரும்பி, “தம்பி, மழைக்கு முன்ன பஸ் ஏறிர்றேன்” என்றார். சந்தி வரை கொண்டுபோய் விட்டேன்.

பிறகு டொக்டர் புதிய வழி ஒன்று வைக்கலாம் என்றார். இடது கையிலேயே மேலே, முடியாவிட்டால் வலது கையில். இரத்தக் குழாய்களை ஸ்கேன் பண்ணிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதற்குத் திகதி இன்னும் வரவில்லை. கழுத்துக் குழாய் நாளாக நாளாகத் தொந்தரவு தரும் என்பதையும் அவரே சொன்னார்.

அன்று வரும் வழியில் அதே நடைபாதையில் நின்று ஜெக்கெட்டுகளைப் புரட்டினேன்.

“ஐயா, எல்லாரும் போட்டுப் பாப்பாங்க. நீங்க ஸிப்பை மட்டும் இழுத்துப் பாக்குறீங்க” என்றான் விற்கிறவன்.

“ஜெக்கெட்ட நீயே வச்சுக்க. ஸிப்பை மட்டும் தா.”

“அப்பிடின்னா மிச்சத்த யாரு தலையில கட்டுறது?”

இரண்டு ஜெக்கெட் வாங்கி வந்தேன். ஏன் இரண்டு என்று அவள் கேட்கவில்லை. கரும்பச்சைத் துணியில் புது ஜேர்சி வெட்டினாள். முன்பக்கத்தில் ஸிப் இல்லை, பொத்தான்தான். ஸிப் கையில். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கையை முடித்து வைத்துவிட்டு வலது கையை எடுத்துப் பிளந்தாள்.

“எந்தக் கைன்னு டொக்டர் இன்னும் சொல்லலியே” என்றேன்.

“அதான் ரெண்டுலயும் வைக்கிறேன்.”

அவள் தையல் மெஷினை மிதித்தாள். நான் அடுத்த ஊசியில் நூல் கோத்து வைத்தேன்.