ரயிலில் சிரித்தவள்

மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு நான் தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறேன். எங்கள் பெண்கள் பெட்டியில் ஒருத்தி வருவாள். பெயர்கூடத் தெரியாது. ஏறியது முதல் பக்கத்தில் இருப்பவர்களிடம் ஏதாவது கதை சொல்லிச் சத்தமாகச் சிரித்துக்கொண்டே வருவாள்.

ஒரு நாள் எனக்குத் தாங்க முடியாத தலைவலி. "வூட்ல ஒரு கவலையும் இல்லாதவங்களுக்குச் சிரிப்பு நல்லாத்தான் வரும்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டேன்.

அவள் சொல்லிக்கொண்டிருந்த கதையைப் பாதியில் நிறுத்திவிட்டாள். பங்காரப்பேட்டை தாண்டியதும் அவள் என் பக்கம் குனிந்தாள்.

"மன்னிச்சுக்கோங்கக்கா. எம் பொண்ணு ரெண்டு வருசமா படுத்த படுக்கையா கீறா. எங்க வூட்ல யாரும் சிரிக்கிறதில்ல. இந்த ரயில்லதான் எனக்குச் சிரிப்பே வருது."



மறுநாள் அவள் ஜன்னலோரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நேத்து நான் பேசினது தப்பும்மா. பாதியில நிறுத்தின கதை இன்னா ஆச்சு, சொல்லு" என்றேன். என் முகத்தையே பார்த்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். ஆனால் குரலைத் தாழ்த்தியே சொன்னாள். பழைய சிரிப்பை அதற்குப் பிறகு நான் கேட்கவேயில்லை.

இப்போதெல்லாம் பெட்டியில் யார் சத்தமாகச் சிரித்தாலும் நான் திரும்பிப் பார்ப்பதில்லை. சிரித்துவிட்டுப் போகட்டும்.