அப்பாவுக்கு டிரம் அன்ட் பேஸ் போட்டது

பிரிஸ்டலுக்கு வந்த முதல் கிழமை அது. அடுக்களை மேசையில் தேநீரை வைத்துவிட்டுச் சீனிப் போத்தலைத் தேடினேன். திரும்பிப் பார்த்தால் கோப்பைக்குள் தேநீர் நடுங்குகிறது. சின்னச் சின்ன வட்டங்கள். பிறகு யன்னல் கண்ணாடி அதிர்ந்தது, அதற்குப் பிறகு என் நெஞ்செலும்பு. காதில் சத்தம் என்று ஒன்றும் விழவில்லை. யாழ்ப்பாணத்துக் குருநகரில், ஷெல் விழுந்த காலத்தில் வளர்ந்த எவருக்கும் அடுத்து என்ன செய்வது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. நான் மேசைக்குக் கீழே இருந்தேன். வீட்டைப் பகிர்ந்துகொண்ட கேரளத்துப் பெண் குனிந்து பார்த்து, கரண்டி ஏதும் விழுந்துவிட்டதா என்று கேட்டாள். ஓம் என்று தலையாட்டிவிட்டு எழுந்து வெளியே பார்த்தேன். பாட்டுப் பெட்டியின் அதிர்வோடு ஒரு நீலக் கார் ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. அதை ஓட்டியவர் தலையை மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டிருந்தார். நாயோடு நடந்துபோன ஒரு மூதாட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எங்கள் ஊரில் கண்ணாடி அதிர்ந்தால் சனம் ஓடும். இந்த ஊரில் அந்த அதிர்வுக்காகச் சனம் டிக்கெட் எடுத்து வரிசையில் நிற்கிறது. இதை நம்ப எனக்கு ஆறு மாதம் எடுத்தது. அந்த வரிசையின் மறுமுனையில் நானே போய் நிற்பேன் என்பதை இன்றைக்கும் முழுதாக நம்பவில்லை.

எனக்கு வயது முப்பத்தொன்பது. வேலை, முதியவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பராமரிப்பது. கட்டிலில் கிடப்பவர்களைத் தூக்கித் திருப்ப இரண்டு பேர் வேண்டும் என்பதால் கெல்லி என்ற வெள்ளைக்காரியோடு என்னைச் சோடி சேர்த்தார்கள். அவளுக்கும் என் வயதுதான். வீடு விட்டு வீடு போகும்போது கெல்லியின் பழைய காரில் எப்போதும் ஒரே மாதிரியான இசைதான் ஓடும். மேலே மேளம் நிமிடத்துக்கு நூற்றெழுபது அடிக்கு மேல் பறக்கும். கீழே பேஸ் என்கிற அடிநாதம் அதில் அரைவாசி வேகத்தில், ஏதோ சாப்பாட்டுக்குப் பிறகு உலாவப் போவதுபோல நடக்கும். இரண்டும் ஒரே பாட்டு. இதற்குப் பெயர் டிரம் அன்ட் பேஸ் என்றாள். முதல் மாதம் தலையிடித்தது. இரண்டாம் மாதம், கார் நின்ற பிறகும் இறங்காமல் பாட்டு முடியும்வரை இருந்தேன். உள்ளே ஒரு கிழவர் காலைச் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் இறங்கவில்லை.

அந்த மேளத்தில் எனக்குக் கேட்டது கடற்கரைதான். அப்பா குருநகரில் கடல்தொழிலுக்குப் போனவர். விடிய மீன்பிடிப் போட்டுகள் கரைக்குத் திரும்பும்போது, கண்ணுக்குத் தெரியுமுன்னே எது எங்கள் போட்டின் மிஷின், எது மற்றவர்களுடையது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அடுப்பை மூட்டுவதே அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான். இரண்டு போட் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் இரண்டு மிஷினின் அடியும் முதலில் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். கொஞ்ச நேரத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒரே மிஷினாகும். பிறகு மெல்ல விலகும். அந்த ஒன்றாகிற நொடிக்காகவே நான் மதிலில் ஏறி நிற்பேன். அதைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை, சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

அப்பா நாற்பது வருசம் அந்த மிஷினுக்குப் பக்கத்தில் இருந்து காதை அதற்கே கொடுத்துவிட்டார். நான் இங்கிலாந்துக்கு வெளிக்கிடும்போது பக்கத்தில் நின்று கத்தினால் கேட்கும். இப்போது அதுவும் இல்லை. காதுக்குள் வைக்கும் கருவி விசிலடிக்கிறது என்று அதைப் பிஸ்கட் பேணிக்குள் போட்டு மூடிவிட்டார். நானும் அவரும் போனில் எழுதித்தான் கதைப்போம். வேலை, குளிர், சாப்பாடு, எல்லாம் எழுதிவிட முடிகிறது. நான் டிஜே ஆகிவிட்டேன் என்று எழுதியபோதுதான் சிக்கல் வந்தது. டிஜே என்றால் என்ன என்று கேட்டார். ஆட்கள் ஆடுவதற்குப் பாட்டுப் போடுகிறவள் என்று எழுதினேன். "பாட்டுப் போட ஒரு ஆள் வேணுமோ? சுவிச்சைப் போட்டால் ஓடுந்தானே" என்று பதில் வந்தது. நான் சிரித்தேன். பிறகு அன்று முழுவதும் அது நெஞ்சுக்குள் கிடந்து குத்தியது. அவருடைய மிஷினிலிருந்துதான் எனக்கு இந்தக் காது வந்தது. நான் செய்வது இன்னதென்று உலகத்தில் ஒரே ஒருவர் அறியவேண்டுமென்றால் அது அவர்தான். அவருக்கோ கேட்காது.

டிஜே ஆன கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிறு காலை கெல்லி வீட்டில், துணி மினுக்கும் பலகைக்குமேல் ஒரு கருவி இருந்தது. இரண்டு பக்கமும் இரண்டு வட்டத் தட்டுகள், நடுவே தள்ளுகிற கட்டைகள். ஒரு பாட்டு வெளியே ஓடிக்கொண்டிருக்க, அடுத்த பாட்டை ஹெட்போனில் கேட்டு வேகத்தைச் சரிசெய்து, ஒன்றின் காலை மற்றது மிதிக்காமல் சேர்த்துவிட வேண்டும். ஆட்கள் இதைப் பழக மாதக்கணக்கில் பாடுபடுவார்கள் என்றாள். நான் ஹெட்போனை மாட்டினேன். ஒரு காதில் ஒரு மிஷின், மற்றக் காதில் இன்னொரு மிஷின். மல்லுக்கட்டின, ஏறின, ஒன்றாயின. என் உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. கெல்லி வாயைப் பிளந்துகொண்டு, யார் உனக்குச் சொல்லித்தந்தது என்று கேட்டாள். "போட்ஸ்" என்றேன். என் ஆங்கிலம் அந்த நேரத்தில் அதற்குமேல் வரவில்லை.

கெல்லி அதை எப்படி விளங்கிக்கொண்டாள் என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. சிலோனில் படகுகளில் நடக்கும் விருந்துகளில் இவள் பெரிய டிஜே என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் ஒரு பழைய கப்பலில் ஞாயிறு பின்னேரங்களில் ஆட்டம் நடத்துகிறவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அரை மணித்தியாலம் தருகிறேன், வருவாயா என்றார். வருகிறேன் என்றேன். "வாட் டு யூ கோ பை?" என்றார். எதில் போவாய் என்று கேட்கிறார் என்று நினைத்தேன். வந்து ஏற்றிக்கொண்டு போகப்போகிறார்களாக்கும், எவ்வளவு மரியாதையான ஆட்கள். "ஓம்... பஸ்" என்றேன். நன்றி சொல்லி வைத்துவிட்டார். அவர் கேட்டது என் மேடைப் பெயரை. அடுத்த கிழமை வந்த சுவரொட்டியில், இருக்கிற பெயர்களுக்கெல்லாம் கடைசியில், 'ஓம்பஸ்' என்று போட்டிருந்தது.

அம்மாவுக்கு அந்தப் படத்தை அனுப்பியது என் பிழை. உடனே போன் வந்தது.

"பிள்ளை, உது என்ன பேர்? ஓம் எண்டு எங்கடை வேதக்காரர் ஆரும் பேர் வைப்பினமோ? பங்குச் சுவாமி கேட்டால் நான் என்னண்டு சொல்லுறது?"

"பஸ்ஸுக்குப் பிழையில்லையோ அம்மா?"

"பஸ்ஸிலை எல்லாச் சமயத்தாக்களுந்தான் போகினம்" என்றார் அம்மா.

அந்தக் கப்பலில் ஆட்கள் ஆடுவது மேல்தட்டில் இல்லை, அடியில், சாமான் ஏற்றும் வயிற்றுக்குள். இரும்புப் படியில் இறங்கும்போது என் மூக்கு தானாகவே ஐஸையும் மீனையும் தேடியது. வந்தது வியர்வையும் வாசனைத் தைலமும். முந்நூறு பேர் இருப்பார்கள். வெளியே நல்ல வெயில், உள்ளே இரும்பு முழுவதும் அதிர்கிறது. கப்பலுக்கு வெளியே தண்ணீரும் நடுங்குமா என்று நினைத்தேன். நான் பாட்டை மாற்றியபோது முந்நூறு பேரும் ஒருமிக்கக் கையை உயர்த்தினார்கள். பெருநாளில் புனிதரின் சுருவம் கோயில் வாசலைக் கடக்கும்போதுதான் அப்படியொரு கை உயர்வை நான் பார்த்திருக்கிறேன். இதை ஒப்பிடுவது சரியில்லை என்று தெரியும், ஆனால் நினைவுக்கு வந்தது அதுதான். ஒரு தாடிக்காரர் வந்து, நீ எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். அங்கே நல்ல இசை இருக்கும் போல என்றார். இருக்கிறது என்றேன். மிஷினைச் சொல்லி விளங்கப்படுத்த நேரம் இருக்கவில்லை. ஒரு பாட்டு முடியுமுன் அடுத்தது உள்ளே வந்தாக வேண்டும். டிஜே ஒருவர் இடையில் மௌனத்தை விட்டுவிட்டால், அதைப் போல மானக்கேடு அந்தத் தொழிலில் இல்லை.

இந்த வருசம் லீவு கிடைத்தது. மூன்று கிழமை. உடுப்புக்குள் சுற்றி என் சிறிய கருவியையும் ஊருக்குக் கொண்டுபோனேன். பெரியம்மாவின் மகன் அன்ரன் அண்ணை குருநகரில் பெருநாளுக்கும் கலியாணங்களுக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவர். விசயத்தைச் சொன்னதும் தலையைச் சொறிந்தார்.

"எங்கடை சனத்துக்குச் சத்தம் தூரம் போகோணும் தங்கச்சி. உன்ரை சனத்துக்கு ஆழம் போகோணும். என்னட்டை ஆழத்துக்கு ரெண்டே ரெண்டு பொக்ஸ்தான் இருக்கு."

அந்த இரண்டையும் அவர் வீட்டு வளவில், கடலைப் பார்த்தபடி வைத்தோம். பின்னேரம் மூன்று மணி. அப்பா மினுக்கிய சேட்டும் சாரமுமாக, ஏதோ கொண்டாட்டத்துக்கு அழைக்கப்பட்டவர்போல வந்து பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். நான் தொடங்கினேன். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, ஆருக்குக் கலியாணம் என்று கேட்டாள். அப்பா அசையவில்லை. அவருக்கு முன்னால் இரண்டு கறுப்புப் பெட்டிகள் சும்மா நின்றன.

பெட்டியில் கை வைக்கும்படி சைகை காட்டினேன்.

"உதிலை கை வைக்கலாமோ? கறண்ட் அடிக்காதோ?" என்று உரத்துக் கேட்டார். காது கேட்காததால் அவர் எல்லாவற்றையும் உரத்துத்தான் சொல்வார்.

பிறகு எழுந்து வந்து உள்ளங்கையை வைத்தார். கண்ணை மூடினார். அவருடைய முகம் மாறியது. மகிழ்ச்சியோ வியப்போ வரும் என்று காத்திருந்த எனக்கு வந்தது, நடுக்கடலில் மிஷின் மூடியில் கை வைத்துப் பார்க்கிற முகம். வேலை முகம்.

"நிப்பாட்டு" என்றார். நிறுத்தினேன்.

"ஒண்டு விடுது."

அன்ரன் அண்ணை என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

"மிஷின் ஒரு அடி விடுது பிள்ளை. நாலிலை ஒண்டு விழவேண்டிய இடத்திலை விழேல்லை, பிந்தி விழுது. பிளக்கைக் கழட்டிப் பார்."

அன்ரன் அண்ணை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டிரம் அன்ட் பேஸின் உயிரே அந்த ஒன்றில்தான் இருக்கிறது. மேளம் நேராக ஓடாமல், வரவேண்டிய ஒரு அடியை விட்டுவிட்டுக் கொஞ்சம் பிந்தி விழுவதால்தான் ஆட்களின் கால் நிலத்தில் நிற்பதில்லை. எனக்கு அது பிடிபட ஒரு வருசம் சென்றது. காது கேட்காத மனிதர் உள்ளங்கையால் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துத் திருத்தவும் சொல்கிறார்.

சோதித்துப் பார்க்க, அடி பிசகாமல் நேராக ஓடுகிற வேறொரு இசையைப் போட்டேன். கை வைத்தார், தலையை ஆட்டினார். "இது நல்ல மிஷின். இதிலை இந்தியா வரைக்கும் போகலாம்" என்றார். ஒரு நிமிடத்தில் கையை எடுத்துவிட்டார். கதிரைப் பக்கம் இரண்டடி நடந்தவர் நின்று திரும்பினார்.

"முந்தினதை ஒருக்காப் போடு. விடுறதை."

போட்டேன். இந்த முறை இரண்டு கையையும் வைத்தார். நான் பேஸை முழுதாக இறக்கினேன், பெட்டி செத்துப்போனது. எட்டு எண்ணித் திரும்பக் கொண்டுவந்தேன். அப்பா சட்டென்று என் விரல்களைப் பார்த்தார். திரும்ப இறக்கினேன், ஏற்றினேன். அவர் கண் என் விரலுக்கும் பெட்டிக்குமாகப் போய்ப் போய் வந்தது.

"இப்ப நீதானே எடுத்தனி?"

ஓம் என்று தலையாட்டினேன்.

"விடுது. ஆனால் நிக்கேல்லை" என்றார். பிறகு, "ஓட்டுறது நீதானே" என்றார்.

போடுறது என்று சொல்லவில்லை. ஓட்டுறது என்றார். முந்நூறு கை உயர்ந்த அன்று அழாதவள், அன்ரன் அண்ணைக்கு முன்னால் நின்று அழுதேன்.

அப்பா என் இடது கையைப் பிடித்து இழுத்துப் பெட்டியில் வைத்து, அதற்குமேல் தன் கையை வைத்து அழுத்தினார். அந்த விடுகிற அடி வரும்போதெல்லாம் ஒரு விரலால் என் விரலில் தட்டி, இந்தா, இந்தா என்று காட்டினார், எனக்கு அது தெரியாது என்பதுபோல. வலது கை கருவியில் இருந்தது. பாட்டு முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. இதற்குள் அடுத்ததை நான் உள்ளே எடுத்திருக்க வேண்டும். இரண்டு பாட்டைச் சேர்க்க இரண்டு கையும் வேண்டும். ஒன்று பிரிஸ்டலில் பழகியதைச் செய்யத் துடித்துக்கொண்டிருந்தது, மற்றது அப்பாவின் கைக்குக் கீழே கிடந்தது. எண்ணிக்கொண்டே நின்றேன். பதினாறு, எட்டு, நாலு. இழுத்துக்கொள்ளவில்லை. பாட்டு முடிந்து, கடல் மட்டும் கேட்டது. அப்பா கையை எடுக்கவில்லை.